சனிக்கிழமைப் பசங்களைப் போல

செலின் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த வியாழக்கிழமை, நாலு மணி பாசஞ்சர் ஆத்துமேடு ஜங்ஷனை விட்டுக் கிளம்பி சிக்னல் கம்பத்தைத் தாண்டிய பிறகு, இன்னாசி தன் ரயில்வே குவார்ட்டர்ஸில் பழைய டேப் ரெக்கார்டரைத் துடைத்து வைத்து, அவளுக்குப் பிடித்த கேசட்டைப் போட்டார். முதல் பாட்டின் கிட்டார் ஒலிக்க ஆரம்பித்ததும் செலின் சமையலறையிலிருந்து ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

இன்னாசிக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது. கேசட்டின் முதல் பக்கத்தில் ஆறே பாட்டுகள், எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு நிமிடம், அதற்குள் அவளுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்; முப்பது நாளாக அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சோறு இறங்காமல் கிடந்தவர் அவர். ஆனால் அவள் கேட்டால்தானே சொல்ல முடியும். அவள் சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றிச் சுருட்டினாள், ஜன்னல் வழியாக யார் வீட்டுத் துணி காய்கிறது என்று பார்த்தாள், பாட்டுக்குத் தகுந்தபடி கால் பெருவிரலை ஆட்டினாள். ஆறாவது பாட்டு முடியப்போகும் நேரத்தில் தலையைத் திருப்பி, அவரைப் பார்த்து, எதையோ கேட்பதற்காக வாயைத் திறந்தாள். பாட்டு முடிந்துவிட்டது. நாற்காலியில் யாரும் இல்லை. இன்னாசி பதறிப்போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டு பட்டனை அழுத்தினார், பன்னிரண்டு வருஷம் ஓடித் தேய்ந்த நாடா உருளையில் சிக்கி, சுருண்டு, நசுங்கி, கத்தரித்து எடுப்பதற்குள் கால்வாசி கேசட்டை மெஷின் தின்று முடித்திருந்தது.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இறந்த அன்று காலை ஏழு ஐம்பதுக்கு இன்னாசி வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எட்டுப் பத்துக்கு எக்ஸ்பிரஸ் வரும். வந்து நின்றதும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலோடு வண்டியின் ஒரு பக்கமாகப் போய் மறு பக்கமாக வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல சக்கரம் கோயில் மணி போல ஒலிக்கும், விரிசல் விட்ட சக்கரம் மண்பானை போலச் சொல்லும். உள்ளே கட்டிலிலிருந்து செலின், "என்னங்க, இன்னைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாம இருங்களேன்" என்றாள்.

இன்னாசிக்கு அது தெளிவாகக் கேட்டது. கேட்டதாகக் காட்டிக்கொண்டால் ஏன் என்று விசாரிக்க வேண்டும், விசாரித்தால் இருக்க வேண்டி வரும், முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பணியில் இருந்த ஒரு நாள்கூட எக்ஸ்பிரஸ் அவர் சுத்தியல் படாமல் போனதில்லை. எனவே கேட்காதது போல எழுந்து போய்விட்டார். எட்டு இருபதுக்கு, அவர் பதினோராவது பெட்டிக்குக் கீழே குனிந்திருந்தபோது, பக்கத்து வீட்டுக் கோமதி தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தாள். சாவு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் இன்னாசி ஒன்றையே சொன்னார்: "ஏதோ சொன்னா. வண்டிச் சத்தத்துல காதுல விழல." ஏழு ஐம்பதுக்கு ஆத்துமேட்டில் எந்த வண்டியும் கிடையாது என்பது ரயில்வே காலனியில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

கேசட் செலினின் தம்பி கொடுத்தது. கப்பலில் சமையல்காரனாக இருந்த அவன், எண்பத்தேழாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில் ரெண்டு சோப்போடு சேர்த்து வாங்கியதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். 'விக்கர் சாட்டர்டேஸ்' என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு வெளிநாட்டுக் காலேஜில் படித்த நாலு பையன்கள், படிப்பு முடிவதற்குள் ஒரே ஒரு கேசட் போட்டுவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டவர்கள். செலின் அவர்களைச் சனிக்கிழமைப் பசங்க என்று கூப்பிட்டாள், காலனியும் அப்படியே கூப்பிட்டது. பாடுகிறவன் வாய்க்குள்ளேயே பாடுவான், பல் வலிக்காரன் ஜெபம் சொல்வது போல ஒரு வார்த்தையும் வெளியே வராது. ஆனால் அந்தக் கிட்டார்! எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்துக் கரண்டியை இழுத்துக்கொண்டே ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி, சலசலவென்று, நிற்காமல், வெயிலில் ஓடைத் தண்ணீர் போல ஓடிக்கொண்டே இருக்கும். சலங்கைக் கிட்டார் என்று அதற்குப் பெயர் வைத்ததும் செலின்தான்.

அதில் ஒரு கம்பி மட்டும் மயிரளவு சுருதி இறங்கி ஒலிக்கும். முதல் தடவை கேட்டபோதே இன்னாசி முகத்தைச் சுளித்தார். "இதுல விரிசல் இருக்கு. என்கிட்ட வந்திருந்தா வண்டியிலிருந்து கழட்டி சிக் லைன்ல தள்ளியிருப்பேன்." ஓட லாயக்கில்லாத பெட்டிகளைத் தள்ளி வைக்கும் தண்டவாளத்துக்கு ரயில்வேயில் சிக் லைன் என்று பேர்.

"நீங்க கழட்டித் தள்ளுங்க," என்றாள் செலின். "நான் அதுல ஏறிப் போறேன். பாவம், அந்த ஒரு கம்பிக்கு மட்டும் என்னமோ மனக்குறை. கேளுங்க."

அவர் கேட்கவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பாட்டுகள் வீட்டில் ஓடியதில் அவர் காது அந்தக் கம்பியைத் தானே சரிசெய்து வைத்துக்கொண்டது. கடைசியில் அப்படி ஒரு குறை இருந்ததே அவருக்கு மறந்து போயிற்று.

நாடா அறுந்த மறுநாள் பஸ் ஏறி கோயமுத்தூருக்குப் போய், கேசட் கடை கனகுவிடம் சுருண்ட நாடாவைக் காட்டினார். கனகு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது முடிஞ்சுதுங்க. மிச்சமிருக்கறதும் தேஞ்சு போச்சு, இனி ஓடாது."

"இதே வேணும்."

"இதேன்னா எங்கீங்க போறது? அந்தப் பசங்களே இப்ப வச்சிருப்பாங்களான்னு தெரியல. அதே வேணும்னா இல்லைங்க, அது மாதிரி வேணும்னா இருக்குது."

இன்னாசி சுருண்ட நாடாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அது மாதிரின்னா, எவ்வளவு மாதிரி?" என்று கேட்டார்.

"அது உங்க காதுக்குத்தான் தெரியும். நான் கடை போட்டிருக்கேன், அவ்வளவுதான்."

கனகு கொடுத்த முதல் கேசட்டின் பேர் 'மில்க் ஸ்ட்ரீட் லைப்ரரி'. இதுவும் காலேஜ் பையன்கள்தான், கிட்டாரும் சலங்கைதான், ஆனால் பாடுகிறவனுக்கு வாய் கொஞ்சம் அதிகம் திறந்தது. நாலு மணி பாசஞ்சர் போன பிறகு இன்னாசி அதைப் போட்டார். செலினின் வலது கை வந்தது. மணிக்கட்டில் சூட்டுத் தழும்பும் மோதிர விரலில் தேய்ந்த மோதிரமுமாக, முழங்கை வரைக்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லாமல், நாற்காலியின் கைப்பிடியில் கிடந்து தாளம் போட்டது. இன்னாசி அதைப் பிடித்துக்கொண்டார். சூடாக இருந்தது. அதனிடம், "செலின், எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிப் பார்த்தார். கைக்குக் காது ஏது? அது அவர் சட்டையில் அறுந்து தொங்கிய பட்டனைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி எங்கே என்று மேஜையைத் துழாவியது.

இப்படித்தான் தேடல் தொடங்கியது. காலனியில் இங்கிலீஷ் பாட்டு தெரிந்த ஒரே ஆள் ஓய்வுபெற்ற ரயில் கார்டு டெரன்ஸ். ஆங்கிலோ இந்தியர், செலினுக்கும் அவருக்கும் பாட்டு விஷயத்தில் ஓயாத சண்டை. அவர் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் தன் மகளுக்குக் கடிதம் போட்டார். மகள் கம்ப்யூட்டரில் தேடி, யாரோ ஒரு ரசிகர் போட்ட பட்டியலை அச்செடுத்து அனுப்பினாள். 'சனிக்கிழமைப் பசங்களைப் பிடித்தவர்களா நீங்கள்? அப்படியானால் இவர்களையும் பிடிக்கும்' என்று மேலே எழுதி, கீழே பதினேழு பேர்கள். எல்லாம் காலேஜ் பையன்கள் கூட்டங்கள், ஒன்றிரண்டு கேசட்டோடு கலைந்து போனவை.

"என்னா மேன் இன்னாசி, உலகத்துல இத்தனை பயலுங்க படிக்காம கிட்டார் வாசிச்சிருக்கானுங்க," என்றார் டெரன்ஸ். "செலின் இருந்திருந்தா பதினேழையும் வரவழைச்சு என் உயிரை எடுத்திருப்பா."

"வரவழை," என்றார் இன்னாசி.

பெர்த்திலிருந்தும், கனகுவுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும் கேசட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. 'ஹாலோ பைசைக்கிள்ஸ்' போட்டால் செலினின் தும்மல் வந்தது, தும்மல் மட்டும், ரெண்டாவது பாட்டின் நடுவில் அடுத்தடுத்து மூன்று. 'நார்த் போர்ச்' போட்டால் பாதங்கள் வந்தன, கொலுசோடு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தன, காலனி நாய் அவற்றின் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு போய் வந்தது. 'ஆன்ட் மேபல்' போட்டால் பின்னல் வந்தது, சீயக்காய் வாசனையோடு, நாற்காலி முதுகில் தொங்கியது. பாட்டு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு வந்தாள். ஒரு பாட்டும் வாயைக் கொண்டுவரவில்லை.

காலனி இதற்கெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், "இன்னைக்கு என்ன வந்துச்சு அண்ணன் வீட்டுல?" "கை." "கையா? அப்ப நம்ம மொச்சையைக் கொடுத்து விடலாம், அது சும்மாதான உக்காந்திருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். கை மொச்சை உரித்தது, பூ கட்டிக் கொடுத்தது. சாயந்தரமானால் காரணமில்லாமல் வீறிட்டு அழும் குழந்தைகளை மடியில் தூக்கி வந்து தாய்மார்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், செலினுக்குக் குழந்தை இல்லை என்றாலும் அவள் தட்டினால் தூங்காத குழந்தை காலனியில் இருந்ததில்லை, கையும் அப்படியே தட்டியது. தும்மல் வரும்போது கூடியிருந்தவர்கள் பழக்க தோஷத்தில் "நூறு" என்று சொல்லிவிட்டு, செத்தவளுக்கு நூறு வயது சொன்னதை நினைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் ஒரு நாள் வந்தார். இது பாவமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி முழுப் பாட்டையும் கேட்டார். கை எழுந்து, தலையும் மார்பும் தோளும் இல்லாத இடத்தில் ஒழுங்காகச் சிலுவை போட்டது. "சரி, நடக்கட்டும்," என்றார் சாமியார். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்த பெண் அதிகாரி செலினின் பேரை அடிப்பதா விடுவதா என்று திண்டாடி, "முழுசா வந்தா சொல்லி அனுப்புங்க சார்" என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. இன்னாசிக்கு வேண்டியது கிடைக்கவில்லை. அவர் இளைத்துப் போனார், பெல்ட்டில் புதிதாக ரெண்டு ஓட்டை போட்டார். வேலைக்கும் பாட்டுக்கும் நடுவில் அவருக்கு வேறு பொழுது இல்லை. புதிய கேசட் வந்தால், நாற்காலி முன்னால் போடுவதற்கு முன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பத்து நொடி கேட்பார், சக்கரத்தைக் கேட்பது போல, கண்ணை மூடிக்கொண்டு. மணி போல ஒலித்தால் மேஜைக்குப் போகும். எங்கேயாவது ஒரு கம்பி பிசகினால், பானைச் சத்தம் தட்டினால், பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார். அந்த டின்னுக்கு அவரே சிக் லைன் என்று பேர் வைத்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் விரிசலைத் தேடி விரிசலைத் தள்ளியே பழகிய மனிதர். செலினை முழுசாகக் கொண்டுவருவது முழுசாக ஒலிக்கிற பாட்டாகத்தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த டின்னுக்குள் போனவற்றில் ஒன்று, கனகு வெட்கப்பட்டுக்கொண்டே கொடுத்தது. "இது நம்மூருதாங்க. எண்பத்தெட்டுல இன்ஜினியரிங் காலேஜ் பசங்க, ஹாஸ்டல் மெஸ்ஸுல உக்காந்து ரெக்கார்ட் பண்ணினது. 'இன்டர்னல் மார்க்ஸ்'னு பேரு. தட்டுச் சத்தமெல்லாம் கேக்கும், கிட்டாரும் கண்டம், சுருதி நிக்காது. இருந்தாலும் உங்களுக்கு அது மாதிரின்னு..." இன்னாசி பத்து நொடி கூடக் கேட்கவில்லை, மூன்றாவது நொடியிலேயே கழற்றிவிட்டார்.

பட்டியலின் பதினேழாவது பேர் நவம்பரில் வந்து சேர்ந்தது. அதைத்தான் இன்னாசி கடைசி நம்பிக்கையாக வைத்திருந்தார், அதற்காகச் சவரம் செய்துகொண்டு, வேட்டி மாற்றி உட்கார்ந்தார். அது மணி போல ஒலித்தது. வந்தது செலினின் நிழல். நாற்காலிக்குக் கீழே விழுந்து, பாட்டு முடியும்வரை அசையாமல் கிடந்தது.

"அவ்வளவுதான் மேன்," என்றார் டெரன்ஸ் மெதுவாக. "உலகத்துல இருந்ததெல்லாம் இவ்வளவுதான்."

இன்னாசி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காலனியில் வீடு வீடாகப் போய் டேப் ரெக்கார்டர்களை இரவல் கேட்டார். ஐந்து கிடைத்தன. தன்னுடையதோடு சேர்த்து ஆறையும் நாற்காலியைச் சுற்றி வைத்து, கையைக் கொண்டுவரும் கேசட்டை ஒன்றில், பாதத்தைக் கொண்டுவருவதை ஒன்றில், தும்மல், பின்னல், நிழல், இடுப்பில் செருகிய சாவிக்கொத்தோடு முதுகு மட்டும் வரும் ஒன்று என்று ஆறையும் போட்டார். துண்டு துண்டாக வந்த பெட்டிகளைக் கோத்தால் வண்டி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. கோமதியும் டெரன்ஸும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வாசலில் நின்றார்கள். ஆறு பட்டன்களையும் அவர் அழுத்தி முடித்தபோது ஆறு சலங்கைக் கிட்டார்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, இரும்புக் கடையில் சரக்கு சரிந்த மாதிரி ஆயிற்று.

செலின் வந்தாள். அதைச் செலின் என்று சொல்லலாமானால். கை ஒரு தாளத்திலும் பாதம் ஒரு தாளத்திலும் இருந்தன. முதுகு ஜன்னலைப் பார்த்தது, பாதங்கள் வாசலைப் பார்த்தன, நிழல் எதிலும் சேராமல் சுவரில் அலைந்தது, பின்னல் காற்றில் தொங்கி யாருடையது என்று தெரியாமல் சுழன்றது. கோக்க வேண்டிய இடங்களில் ஒன்றும் இல்லை. இன்னாசி முழங்காலில் நின்று முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, "கேளு செலின், இன்னொரு தடவை கேளு, இப்ப கேளு" என்று கத்தினார். கை எழுந்தது, தடுமாறியது, காது இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் போய் அதைப் பொத்திக்கொண்டது. மூன்று தும்மல் வந்தது. ஒருவரும் நூறு சொல்லவில்லை.

"நிறுத்துங்கண்ணா!" கோமதி உள்ளே ஓடி வந்து ஒவ்வொரு பட்டனாக அடித்தாள். "அக்காவுக்கு வலிக்குதுங்கண்ணா, நிறுத்துங்க!"

சத்தம் ஓய்ந்து எல்லோரும் போன பிறகு கோமதி மட்டும் இருந்தாள். இன்னாசி முழங்காலில் இருந்து எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோமதி, எனக்குக் கேட்டுச்சு."

"என்னங்கண்ணா?"

"அன்னைக்கு அவ சொன்னது. போகாம இருங்கன்னா. வண்டிச் சத்தம் ஒண்ணுமில்ல. எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

கோமதி ஒரு டேப் ரெக்கார்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துத்தான் பேசினாள்.

"அது அக்காவுக்குத் தெரியுமுங்கண்ணா."

இன்னாசி நிமிர்ந்தார்.

"நீங்க போனதும் நான் காப்பி எடுத்துட்டுப் போனேன். அக்கா சொன்னாங்க, 'அவருக்குக் கேட்டுச்சு கோமதி. நான் கூப்பிட்டதும் கயிறு கட்டற கை சித்த நேரம் நின்னுச்சு. அப்புறம் கட்டிட்டுப் போயிட்டாரு.' அவ்வளவுதான் சொன்னாங்க. கோவமாச் சொன்ன மாதிரியும் இல்ல, சிரிச்ச மாதிரியும் இல்ல. பாட்டைப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

"எந்தப் பாட்டு?"

"எனக்கென்னங்கண்ணா தெரியும் இங்கிலீசுப் பாட்டு? அந்தக் கம்பி பிசகுமே, அக்கா எப்பவும் சொல்லுமே மனக்குறைன்னு, அது வர்ற பாட்டு. அது வந்தப்பதான் கண்ணை மூடினாங்க."

கோமதி போய்விட்டாள். இன்னாசி அந்த அறையில் உட்கார்ந்து, சனிக்கிழமைப் பசங்களின் ஆறு பாட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் மணி போல ஒலித்தன. பிசகே இல்லை. திரும்ப ஓட்டினார். தன் காது எதையோ ஒளித்து வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு மாதமாக அவர் தேடியது செலின் கேட்ட பாட்டை அல்ல, தான் திருத்தி வைத்துக்கொண்ட ஒன்றை. அதைப் போல உலகத்தில் எத்தனை கிடைத்தாலும் அதில் அவள் எப்படி முழுசாக வருவாள்?

திங்கட்கிழமை காலை வழக்கம் போலக் குளித்து, சட்டை மாட்டி, சுத்தியலை எடுத்து வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். ஏழே முக்கால். ஒரு கயிற்றைக் கட்டினார். இன்னொன்றைக் கட்டாமல் எழுந்து உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தார். ஒன்பது கேசட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டு முதல் பத்து நொடியைக் கேட்டார், இந்தத் தடவை நாற்காலி முன்னால், வெளியே கேட்கும்படி, ஹெட்போன் இல்லாமல். ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதாக இன்ஜினியரிங் காலேஜ் பசங்களுடையது.

முதலில் தட்டுகள் கழுவுகிற சத்தம். யாரோ ஒருவன் இருமிவிட்டு, தமிழில், "டேய், ரெடியா?" என்றான். பிறகு கிட்டார். விலை மலிந்த கிட்டார், ஆனால் சலங்கைதான், டம்ளர் வரிசையில் கரண்டி ஓடுகிற அதே ஓட்டம். அதில் ஒரு கம்பி, மேலிருந்து ரெண்டாவது, மயிரளவு இறங்கி, மற்றவற்றோடு ஓடவும் முடியாமல் விட்டுவிடவும் முடியாமல் பின்னால் வந்தது. இன்னாசியின் கை பட்டனை நோக்கித் தானாகப் போனது. முப்பத்திரண்டு வருஷத்துக் கை. அதை அவர் மறு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கம்பியைக் கேட்டார். அது பிசகும் ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சுக்குள் எதுவோ பிசகியது.

நாற்காலியில் யாரும் வரவில்லை. கை வரவில்லை, பின்னல் வரவில்லை. சீயக்காய் வாசனையும் இல்லை. ரெண்டாவது பாட்டு வந்தது. இன்னாசி படிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இனி ஒன்றும் இல்லை, எக்ஸ்பிரஸ் வந்துவிடும் என்று குனிந்து, இரண்டாவது ஷூவின் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"என்னங்க," என்றது உள்ளே கட்டில் பக்கமிருந்து செலினின் குரல். "இன்னைக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாம இருங்களேன்."

கயிறு பிடித்த கை நின்றது.

ஏழு ஐம்பது. ஆத்துமேட்டில் எந்த வண்டியும் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது, குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது, எல்லாமே கேட்டது. இன்னாசி வாயைத் திறந்தார். முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"போகல செலின்."

சொல்லிவிட்டு, கட்டிய கயிற்றை அவிழ்த்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். ரெண்டு ஷூவையும் கழற்றி, சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்து, வெறுங்காலோடு உள்ளே போய்க் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். கட்டிலில் ஒன்றுமில்லை. விரிப்பு மட்டும், மூச்சு வாங்குகிற ஆள் படுத்திருப்பது போல, கொஞ்சம் ஏறி இறங்கியது.

"நெஞ்சு கனமா இருக்குது," என்றது குரல்.

"நான் இருக்கேன்."

"வண்டி வந்திருமே."

"வரட்டும்."

எட்டுப் பத்துக்கு எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. சக்கரம் தட்டும் சத்தம் வரவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்தார், கார்டு எட்டிப் பார்த்தார், பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர்கள் கூட நிமிர்ந்து பார்த்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஆள் ஓடி வந்தபோது கோமதி இன்னாசி வீட்டு வாசலில், ஷூவுக்கும் சுத்தியலுக்கும் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இன்னாசி? வண்டி நிக்குது!"

"அண்ணன் இன்னைக்கு வரமாட்டாருங்க," என்றாள் கோமதி. "அக்கா இருக்கச் சொல்லிட்டாங்க."

ஆள் உள்ளே எட்டிப் பார்த்தான். தரையில் உட்கார்ந்திருந்த மனிதரையும் ஏறி இறங்கும் விரிப்பையும் பார்த்தான், கிட்டாரைக் கேட்டான், "ஓ, குரல் வந்திருச்சா" என்று சொல்லிவிட்டு, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வேறு யாரையாவது தட்டச் சொல்லலாம் என்று ஸ்டேஷனுக்கு ஓடினான்.

உள்ளே ஐந்தாவது பாட்டு முடிந்து ஆறாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. விரிப்பு ஏறி இறங்குவது மெதுவாகிக்கொண்டே வந்தது. இறங்கின கம்பி ஒரு தடவை வந்தது, இன்னொரு தடவை வந்தது. இன்னாசி அதை ஒவ்வொரு தடவையும் கேட்டார். பக்கம் முடிய ஒரு நிமிடம்கூட இருக்காது.

"என்னங்க."

"சொல்லு."

"முடிஞ்சிரும் போலிருக்கு. திருப்பிப் போடுங்க."

டக்கென்று பட்டன் மேலே வந்தது. இன்னாசி கேசட்டை எடுத்தார். நாடா ஒரு இடத்தில் தளர்ந்து வெளியே தொங்கியது, போன தடவை மெஷின் தின்றதும் இப்படித் தொங்கியதைத்தான். ஜன்னலுக்குக் கொண்டுபோய், பென்சிலை ஓட்டையில் விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகச் சுற்றி இறுக்கினார். திருப்பிப் போட்டு மூடியை மூடினார். பின்னால் விரிப்பு அசையாமல் கிடந்தது. வெளியே எக்ஸ்பிரஸின் சக்கரங்களை யாரோ பழக்கமில்லாத கையால் தட்டிக்கொண்டு வந்தார்கள், ஒன்று, ரெண்டு, மூன்று, எல்லாம் மணி போல ஒலித்தன. இன்னாசி அவற்றைக் கேட்கவில்லை. பட்டனில் விரலை வைத்தார்.